லூவீனியா டக்கெட் கேட்டு வாங்கிய தண்டனை

"தண்டனை குடுத்ததுக்கு யாராவது கைதட்டுவாங்களா?"

நீதிமன்ற வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டார். அவர் இடுப்பில் தடி தொங்கியது. அதனால் பதிலை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அமெரிக்காவின் தெற்கே அலபாமாவில் இருக்கும் கால்டர்வில். இங்கே மெர்சர் தெருவில் லூவீனியா டக்கெட் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறார். வீட்டு முன்னறைதான் கடை. இரும்புச் சீப்பை அடுப்பில் சுட வைத்து, சுருட்டை முடியை நீவி நேராக்குவார். பள்ளி ஆசிரியைகள், வெள்ளையர் வீட்டுச் சமையல்காரிகள், என் அம்மா, நான் எல்லாருமே அந்த நாற்காலியில் காதை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். "ஆடாத. காது வெந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்பார்.

கறுப்பர்களான எங்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சம்பளம் கொடுப்பவர்கள் வெள்ளையர்கள். எதிர்த்துப் பேசினால் மறுநாள் வேலை இருக்காது. லூவீனியாவுக்குச் சோறு போடுவது எங்கள் தலைமுடி. அவரை வேலையை விட்டுத் தூக்க யாராலும் முடியாது.

எங்கள் ஊர்ப் பேருந்துகளில் 'கறுப்பர்' என்று எழுதிய பலகை ஒன்றை இருக்கையின் முதுகில் மாட்டியிருப்பார்கள். அதற்கு முன்னால் வெள்ளையர், பின்னால் நாங்கள். வெள்ளையர் கூட்டம் கூடினால், ஓட்டுநர் எழுந்து வந்து பலகையைக் கழற்றி ஒரு வரிசை தள்ளி மாட்டுவார். அந்த வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

போன மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான் லூவீனியாவுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டுநர் ஹார்லன் டீக் பலகையை எடுத்து என் முன்னால் மாட்டினார்.

"எழுந்திரு" என்றார் லூவீனியாவிடம்.

"நான் பலகைக்குப் பின்னாடிதானே உட்கார்ந்தேன்?"

"இப்போ பலகை உனக்குப் பின்னாடி இருக்கு."

"அப்போ நகர்ந்தது பலகைதானே? நான் இருந்த இடத்துலயேதான் இருக்கேன்."

குரலை உயர்த்தவே இல்லை. போலீஸ் வந்தது. அவரைக் கீழே இறக்கும்போது என் பக்கம் திரும்பினார். "ரூபெல், நாளைக்குத் தலைக்கு வர்றவங்ககிட்டச் சொல்லிடு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு எல்லாரும் தொப்பி போட்டுக்கட்டும்."

லூவீனியா ஜாமீனில் வந்த பிறகு, வக்கீல் திரு. ரென்ஃப்ரோ கடைக்கு வந்தார். எங்கள் இனத்தவர், பர்மிங்ஹாமிலிருந்து வந்தவர். நான் தலைக்கு எண்ணெயோடு உட்கார்ந்திருந்தேன். லூவீனியாவின் கணவர் ஓட்டிஸ் கதவோரம் நின்றார்.

"ரெண்டு குற்றம் எழுதியிருக்காங்க, அம்மா" என்றார் வக்கீல். "இருக்கைச் சட்டத்தை மீறினது ஒண்ணு, கலாட்டா பண்ணினது ஒண்ணு. முதல் குற்றத்தை நைசா விட்டுட்டு, கலாட்டாவுக்கு மட்டும் சின்ன அபராதம் போடப் பார்ப்பாங்க."

"நல்லதுதானே?" என்றார் ஓட்டிஸ்.

"அவங்களுக்கு நல்லது. கலாட்டா கேஸை மேல் கோர்ட்டுக்குக் கொண்டு போனா, இவங்க கத்தினாங்களா இல்லையான்னுதான் பேசுவாங்க. இருக்கைச் சட்டம் சரியான்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. அந்தச் சட்டத்துல தண்டனை கிடைச்சாத்தான் அந்தச் சட்டத்தையே நாம கேள்வி கேட்க முடியும்."

லூவீனியா சீப்பை அடுப்பில் வைத்தார். "அப்போ எனக்கு அந்தத் தண்டனையையே வாங்கிக் குடுங்க."

"ஜெயிலுக்கும் அனுப்பிடுவாங்கடி" என்றார் ஓட்டிஸ்.

"உனக்கு முட்டை பொரிக்கத் தெரியும்ல? உயிரோட இருப்ப."

விசாரணை அன்று மெர்சர் தெருவே நீதிமன்றத்தில், எங்களுக்கென்று ஒதுக்கிய பின் பெஞ்சுகளில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. வக்கீல் சொன்னபடியே அரசு வழக்கறிஞர் எழுந்தார். முதல் குற்றத்தைக் கைவிட அனுமதி கேட்டார். "பார்க்கலாம்" என்ற நீதிபதி, லூவீனியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"லூவீனியா, கலாட்டா பண்ணினேன்னு ஒத்துக்கோ. அபராதத்தைக் கட்டிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"பண்ணலைங்களே, ஐயா. நான் சர்ச்சுல பாட ஆரம்பிச்சா தெருமுனை நாயெல்லாம் எழுந்துக்கும். அன்னிக்கு நான் சத்தம் போட்டிருந்தா உங்களுக்கே இங்க கேட்டிருக்கும்."

பின் பெஞ்சுகளில் சிரிப்பு. நீதிபதி மேசையைத் தட்டினார்.

அடுத்து ஓட்டுநர் டீக் சாட்சிக் கூண்டில் ஏறினார். சீருடையைக் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தார். திரு. ரென்ஃப்ரோ மிகவும் பணிவாகக் கேட்டார்:

"உங்க பஸ்ல அடிக்கடி சண்டை சச்சரவு உண்டோ, சார்?"

டீக்கின் முகம் சிவந்தது. "என் பஸ்லயா? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடக் கிடையாது. இந்த ஊர்லயே ஒழுங்கான பஸ் என்னோடதுதான்."

"அன்னிக்கும் அப்படித்தானா?"

"அன்னிக்கும்தான். யாரும் மூச்சு விடல."

அரசு வழக்கறிஞர் இருமினார். டீக் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்புறம் போலீஸை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"எழுந்திருக்கச் சொன்னேன், எழுந்திருக்கல. கறுப்பி எழுந்திருக்கணும். அதான் சட்டம்."

"நன்றி, சார்" என்று திரு. ரென்ஃப்ரோ உட்கார்ந்துவிட்டார்.

கலாட்டாவை ஓட்டுநரே இல்லை என்று சொல்லிவிட்டார். இரண்டையும் தள்ளிவிட்டால் லூவீனியா நிமிர்ந்த தலையோடு வெளியே போவார். மறுநாள் காலை எந்தப் பேருந்திலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். அது நீதிபதிக்கும் தெரிந்திருக்க வேண்டும். கடைசியில் கடுகடுப்போடு சொன்னார்: இருக்கைச் சட்டத்தின்படி குற்றவாளி, அபராதம், பத்து நாள் சிறை.

எல்லாரும் கைதட்டினோம். ஓட்டிஸ் மட்டும் தட்டவில்லை. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். மேல்முறையீடு செய்வதாக திரு. ரென்ஃப்ரோ அங்கேயே சொன்னதால், லூவீனியா அன்று ஜாமீனிலேயே வீடு திரும்பினார். சாயங்காலம் வாடிக்கைக்காரிகள் வரிசையில் காத்திருந்தார்கள்.

வழக்கு இப்போது மேல் நீதிமன்றத்தில் இருக்கிறது. தோற்றால் அந்தப் பத்து நாளையும் அவர் சிறையில் கழிக்க வேண்டும். "அந்தப் பத்து நாளும் சிறையில பாடுவேன், பாவம் அவங்க" என்கிறார்.

ஆனால் தீர்ப்புக்கு மறுநாள் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் வந்தது இதுதான்: 'பேருந்தில் ரகளை செய்த கறுப்பினப் பெண்ணுக்குத் தண்டனை.' அது பொய். அவரைத் தண்டித்தது அவர் கறுப்பராக இருந்துகொண்டு உட்கார்ந்ததற்காக. வேறு எதற்காகவும் அல்ல. அந்தப் பத்திரிகை வீடு வீடாகப் போகிறது. நான் எழுதியதற்கு அந்த வசதி இல்லை. ஆகவே இதைப் படிக்கும் நீங்கள், உங்கள் தெருவில், சர்ச்சில், பேருந்தில் பக்கத்தில் உட்காருபவரிடம் சொல்லுங்கள். எந்தச் சட்டத்தில் தண்டித்தார்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.