கிரிட்டுக்கு வைத்த பொட்டு

பழனிசாமி அண்ணனின் முதுகில், விலா எலும்புகளுக்கு நடுவே, பெரிய டாக்டர் விரலால் இடம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் நீளமான ஊசி தயாராக இருந்தது. அந்த ஊசிக்குக் காரணம் நான் எடுத்த எக்ஸ்ரே படம்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். என் படத்தில் குறை சொல்ல ஆள் இல்லை என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று காலை அது என்னைக் கவிழ்த்துவிட்டது.

பழனிசாமி அண்ணன் அவிநாசிக்காரர், கல்யாண சமையல் மாஸ்டர். ஆள் நல்ல கனம். காய்ச்சல், மூச்சிரைப்பு என்று வந்து வார்டில் படுத்திருந்தார். கனத்த உடம்பில் எக்ஸ்ரே கதிர் நேராக மட்டும் போவதில்லை. உள்ளே மோதி நாலாபக்கமும் சிதறும். அந்தச் சிதறல் படத்தில் விழுந்தால் எல்லாம் புகை மண்டிக் கிடக்கும். அதைத் தடுக்கத்தான் கிரிட். மெல்லிய ஈயத் தகடுகளைச் சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக அடுக்கிய ஒரு பலகை அது. நேராக வரும் கதிரை விடும், கோணலாக வருவதைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கிரிட்டில் ஓரத் தகடுகள் கதிர் வரும் ட்யூபைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்கும். அதனால் அதற்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. திருப்பி வைத்தால் ஓரங்களில் நல்ல கதிரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். எது முன்பக்கம் என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தார்கள். வருடக்கணக்கில் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்து அந்த எழுத்தை நாங்களே அழித்துவிட்டோம். 'எனக்குத் தெரியாததா' என்று படம் பதியும் கேசட்டின் மேல் கிரிட்டை வைத்து, பிளாஸ்திரி ஒட்டி, போர்ட்டபிள் மெஷினில் படத்தை எடுத்து, பிரிண்ட் போட்டு வார்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த கட்டில் நோயாளிக்குப் படம் எடுக்க நான் வார்டுக்குத் திரும்பியபோது, டாக்டர் பழனிசாமி அண்ணனின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பக்கமும் தண்ணி கோத்துருக்குதுங்க. ஊசி போட்டு எடுத்துரலாம். இந்த உடம்புல தட்டிப் பார்த்தா ஒண்ணும் வெளங்கல, ஸ்கேன் டாக்டர் சாயங்காலந்தான் வாராரு. அதுவரைக்கும் தாங்காது."

அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

விளக்குப் பெட்டியில் படம் தொங்கியது. நடு நெஞ்சு நன்றாகத் தெரிந்தது. இரண்டு ஓரமும், நீர் கோத்தால் தெரிவதைப் போலவே, வெள்ளை. கைகளைத் தாண்டி, உடம்பே இல்லாத வெறும் இடம் கன்னங்கரேல் என்று இருக்க வேண்டும். அதுவும் வெளுத்திருந்தது. கையிலிருந்த கேசட்டில் பிளாஸ்திரியைப் பிரித்து, கிரிட்டைத் தூக்கிப் பார்த்தேன். அழிந்த எழுத்தின் மிச்சம் கேசட்டைப் பார்த்த பக்கம் இருந்தது. நிமிர்ந்தபோது டாக்டர் கையுறை மாட்டி, அண்ணனின் முதுகில் இடம் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

நீர் இல்லாத இடத்தில் ஊசி இறங்கினால் நல்ல நுரையீரலில் ஓட்டை விழும். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பேர் கெடாது. அந்த நினைப்பும் வந்தது, பொய் சொல்லவில்லை.

"டாக்டர், கொஞ்சம் பொறுங்க."

"என்னங்க அம்மணி?"

"நெஞ்சுக்கு வெளிய இருக்கற காத்துலயும் தண்ணி கோக்குமுங்களா?"

அவர் படத்தைத் திரும்பப் பார்த்தார். வார்டு முழுக்க என்னைப் பார்த்தது.

"கிரிட்டக் குப்புற வெச்சுப்போட்டனுங்க. தப்பு என்னுதுதான். அஞ்சு நிமிசம் குடுங்க."

அவர் கையுறையைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "எடுங்க" என்றார்.

என்னால் அந்த மனிதருக்கு இரண்டாம் முறை கதிர் பட்டது. அந்த வருத்தம் இன்னும் உண்டு. இரண்டாவது படத்தில் வலது அடிப்பக்கம் மட்டும் ஒரு சின்னத் திட்டு, நிமோனியா. நீர் ஒரு சொட்டும் இல்லை. ஊசித் தட்டை நர்ஸ் எடுத்துக்கொண்டு போனார். மருந்திலேயே சரியாகி, நடந்தே வீட்டுக்குப் போனார் பழனிசாமி அண்ணன். போகும்போது, "அம்மணி, உங்கூட்டு விசேசத்துக்கு நாந்தேன் சமையல்" என்றார்.

அன்று கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, கிரிட்டின் முன்பக்கம் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். படத்தில் அது தெரியாது, நம் கண்ணுக்குத் தெரியும். பிறகு எந்த வார்டுப் படம் வந்தாலும் டாக்டர் கேட்பார்: "பொட்டு நம்மளப் பார்த்துச்சுங்களா?"

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். படத்தின் ஓரங்களைப் பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால், ஊசி இறங்கும் முன்னே வாயைத் திறந்துவிடுங்கள்.

போன மாதம் இருமல் என்று அதே மருத்துவமனைக்குப் போனேன். மெஷின் புதிது, கிரிட் புதிது, படம் எடுத்த பெண்ணும் புதிது. முன்பக்கம் எது என்று கிரிட்டில் பளிச்சென்று அச்சடித்திருந்தது. அதற்குக் கீழே ஒரு சிவப்புப் பொட்டு.

"இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டேன்.

"இங்க அப்படித்தானுங்க வைப்போம்" என்றாள்.