பெரிய வியாழன் பட்டியல்

எங்கள் அப்பா சிறைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மரக்காணத்தில் அந்தப் பதவிப் பெயர் யார் வாயிலும் நுழையாது. ஜெயிலரு, அவ்வளவுதான். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் "ஜெயிலரு வூடு எதுங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்த மனிதர் சும்மா இருந்தாரா? சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கிற பங்குப் பேரவையில் சேர்ந்து ஒரே வருடத்தில் துணைத்தலைவர் ஆனார். உப்பளத்துக்குக் குடிதண்ணீர், வேலையில்லாத மழை மாதங்களுக்கு நிவாரணம், விதவைப் பென்ஷன் என்று தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களை எங்கள் வாசலில் வரிசையாக நிற்க வைப்பார். "ஏம்பா, இது இன்னா ஜெயிலா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஜெயில்ல இவ்ளோ சத்தம் இருக்காது" என்றார். கைதிகளின் சாப்பாட்டை அதிகாரி முதலில் ருசி பார்க்க வேண்டும் என்பது சிறை வழக்கம். அதே பழக்கத்தில் கோயில் திருவிழாவில் சாம்பார் அண்டாவைத் திறந்து, கரண்டியில் வாங்கிக் குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்பார். ஊரைச் சுற்றி உப்பு குவிந்து கிடக்கிறது, இந்த மனிதருக்கு மட்டும் பத்தாது. எனக்கு மானம் போகும். இப்போது அதைக் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று பூசையில் பன்னிரண்டு பேருடைய காலைச் சாமியார் கழுவித் துடைத்து முத்தமிடுவார். ஏசு தன் சீடர்களுக்குச் செய்ததன் நினைவாக. அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது பேரவையின் வேலை. வழக்கமாக வாத்தியார், பென்ஷன்காரர், கடைக்காரர் என்று பார்த்துப் பார்த்துப் போடுவார்கள். அவர்களோ அன்று மதியமே குதிகாலைக் கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். கழுவின காலைக் கழுவிக்கொள்ள இத்தனை பந்தா. உப்பளத்தில் நிற்கிற கால் வெடித்துப் புண்ணாகி இருக்கும் என்பதால் உப்பளத் தொழிலாளிகளை யாரும் கூப்பிட்டதே இல்லை.

ஒரு வருடம் அப்பா எழுதிய பட்டியலில் பன்னிரண்டாவதாக ஒரு உப்பளத் தொழிலாளியின் பெயர் இருந்தது. வெளியூர் அடிதடி ஒன்றில் ஒரு உயிர் போய், அதற்காகப் பல வருடம் உள்ளே இருந்து வந்தவர். எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர்தான். ஆனால் விடுதலையாகி வந்த பிறகு கோயில் படி ஏறவில்லை. தண்டனையில் பாதி நாள் அப்பா வேலை பார்த்த சிறையில்தான் இருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

"ஏம்பா இவரு?" என்று கேட்டேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் உள்ள இருந்தப்ப அவங்கம்மா செத்துப் போச்சு. மூஞ்சியப் பாக்கணும்னு மனு குடுத்தான். அன்னிக்கி மினிஸ்டர் வர்றாருன்னு எஸ்கார்ட்டுக்குப் போலீஸ் கெடைக்கல. என் பொறுப்புல ரெண்டு வார்டரக் கூட அனுப்பி விட்டிருக்கலாம். ஓடிட்டான்னா என் வேலை போயிடும்னு பயந்துட்டேன். மறுநாள் எஸ்கார்ட் வந்துது. அதுக்குள்ள பொதைச்சிட்டாங்க."

"ரூல்படி உங்க மேல தப்பு இல்லியே."

"ரூல்படி இல்ல. ஆனா தப்புதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நேராப் போயி மன்னிப்புக் கேளுங்க. கேக்கத் தெரியாம லிஸ்ட்ல பேரைச் சேக்கறீங்களா? அவருகிட்டயாவது சொன்னீங்களா?"

"கோயில் போர்டுல ஒட்டியாச்சு" என்றார்.

அதுதான் எங்கள் அப்பா. முப்பது வருடம் உத்தரவு போட்டே பழகிய கை. மன்னிப்பையும் நோட்டீஸ் ஒட்டித்தான் கேட்க வந்தது அவருக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் பதினோரு பேர் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலி காலி. சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டியாயிற்று. வேறொருவரை உட்கார வைக்கலாம் என்று பேரவைக்காரர் ஒருவர் குனிந்து சொன்னார். அப்பா முடியாது என்று தலையை ஆட்டினார். அந்த உப்பளத் தொழிலாளி வரவில்லையென்றால் அப்பா இனி எங்கேயும் போய்க் கேட்க மாட்டார், இதை நெஞ்சில் வைத்துக்கொண்டே செத்துப்போவார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். அளத்திலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. உள்ளே வராமல் செருப்புகளுக்கு நடுவே நின்றார். அப்பா எழுந்து, எல்லாரும் பார்க்க, வாசலுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"உங்கம்மா மூஞ்சிய நீ பாக்காமப் போனதுக்கு நான்தான்பா காரணம்" என்றார் அப்பா. "நான் அனுப்பியிருக்கலாம். அனுப்பல. மன்னிச்சிடு."

அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க அத மறக்கலீங்களா?"

"ஒரு நாளும் மறக்கல."

"நான் ஒருத்தன்தான் அத நெனச்சிக்கினு கெடக்கறேன்னு இருந்தேங்கய்யா" என்றவர், அப்பாவைத் தாண்டி உள்ளே நடந்தார்.

அப்பா திரும்பவில்லை. ஒளிந்துநின்றுகூடக் கைதிகளைக் கண்காணித்த மனிதருக்குக் கோயிலுக்குள் பார்க்கப் பயம். முகத்தை ரோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"உக்காந்துட்டானா?"

"உக்காந்துட்டாருப்பா."

"காலு கழுவறாங்களா?"

"கழுவறாங்க. தண்ணி ரெண்டாவது வாட்டி ஊத்தறாங்க."

"முத்தம்?"

சாமியார் குனிந்து எழும்வரை காத்திருந்தேன்.

"குடுத்தாச்சுப்பா."

அதற்கப்புறம்தான் அப்பா திரும்பிப் பார்த்தார்.