நாற்பது மைலில் ஆடிய ஸ்டியரிங்: தி.நகரிலிருந்து மாமல்லபுரம்

பழைய காரில் மாமல்லபுரம் போக நினைக்கிறவர்கள் என்னிடம் வழியைவிட வண்டியைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அதனால் 1974 பொங்கல் கழிந்த வாரம் நாங்கள் போய் வந்ததை எழுதுகிறேன். நாங்கள் என்றால் நானும் என் மனைவி கோமதியும்.

அந்த மார்கழியில் அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றில் இருந்த கட்டியை எடுத்திருந்தார்கள். அது எப்படிப்பட்ட கட்டி என்ற ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. தையல் பிரித்து தி.நகர் வீட்டுக்கு வந்த மறுநாள் கோமதி கேட்டாள்: "ஆஸ்பத்திரி வாடையே இல்லாத எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?" டாக்டர் சரி என்றார். குலுக்கல் மட்டும் ஆகாது என்றார்.

எங்கள் கார் அப்போதே வயதான கார். முப்பத்தைந்து மைல் வேகம் வரை சமர்த்தாகப் போகும். நாற்பதைத் தொட்டால் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கும், ஐம்பதைத் தாண்டினால் நடுக்கம் நின்றுவிடும். (அந்தக் காலத்துப் பழைய வண்டிகளில் மீட்டர் மைல் கணக்குதான்.) நந்தனம் நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பாண்டி பஜாருக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பாஷா பாயிடம் விட்டேன்.

"நாப்பதுல ஆடிக்கினு, அப்பால நின்னுடுதா? வீல் பேலன்ஸ் சார். வேற ஒண்ணியும் கெடையாது" என்றார். முன் சக்கரங்களைக் கழற்றி, கனம் குறைந்த பக்கம் ரிம்மில் சின்ன ஈயத் துண்டுகளைப் பொருத்தினார். மறுநாள் நந்தனத்தில் ஐம்பது வரை ஓட்டினேன். ஸ்டியரிங் அசையவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். ஒரு வழிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். முன் சீட்டில் கோமதிக்கு இரண்டு பக்கமும் தலையணை வைத்தேன். அடையாறு தாண்டும்போது ஆஸ்பத்திரி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

சோழிங்கநல்லூர் கடந்து கேளம்பாக்கத்தை நெருங்கும்போது ஸ்டியரிங் மறுபடி நடுங்கியது. இந்த முறை முப்பதிலேயே. அவள் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுதா?"

"லேசா."

"அதுக்கு ஏங்க இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க? கொஞ்சம் விட்டுப் பிடிச்சாத்தானே எங்கேருந்து வருதுன்னு தெரியும்? ஆஸ்பத்திரியிலேயும் என் கையை இப்படித்தான் பிடிச்சீங்க. வலிச்சுது. சொல்லல."

விரல்களைத் தளர்த்தினேன். நியூட்ரலில் போட்டேன்; நடுக்கம் நிற்கவில்லை, ஆகவே எஞ்சின் இல்லை. பிரேக்கை மெல்ல அழுத்தினேன். கூடவில்லை, ஆகவே பிரேக்கும் இல்லை.

"உன் சீட்டுல தெரியுதா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சீட்டுல இல்ல. இருந்தா இந்த வயிறு சொல்லிடும். என் காலுக்குக் கீழ, தரையில வருது."

பின் சக்கரமாக இருந்தால் சீட்டு ஆடியிருக்கும். முன் பக்கம், அதுவும் அவள் பக்கம். இடது முன் சக்கரம்.

உப்பளம் ஓரமாக நிறுத்தி ஜாக்கியைப் போட்டேன். டயரின் வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. உட்பக்கம் கையை விட்டுத் தடவிக்கொண்டே வந்தபோது ஓரிடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் அதே வேகத்தில் போயிருந்தால் வெடித்திருக்கும். அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன்.

சைக்கிளில் வந்த உப்பளத்து ஆள் இறங்கினார். "இன்னா சார், பஞ்சரா?"

"இல்லீங்க, டயர் வீங்கிடுச்சு."

"அம்மாவை வெய்யில்ல ஒக்கார வெச்சிக்கினு கீறியே! அத்தாண்ட மரம் கீது பாரு" என்று கோமதியை நிழலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்டெப்னி மாட்டக் கூடவே கை கொடுத்தார்.

கோமதி திரும்பி வந்து அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கும் கட்டியா?" என்று சிரித்தாள். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"திரும்பிடலாமா கோமதி? இனி மாத்த வேற டயர் இல்ல."

"இப்ப ஆடுதான்னு மொதல்ல பாருங்க."

கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஆடவில்லை.

"அப்புறம் என்ன? மெதுவாப் போங்க."

முப்பதைத் தாண்டாமல் போய்ச் சேர்ந்தோம். சிற்பங்கள் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. மணலில் துண்டை விரித்து, கடலைப் பார்த்தபடி வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்தோம். "ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இன்னொரு தடவை வரணும்" என்றாள். சரி என்றேன். (ரிப்போர்ட் அடுத்த வாரம் வந்தது. பயப்படும்படியான கட்டி இல்லை. அதன் பிறகு பல தடவை போனோம்.)

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேலன்ஸ் செய்த பிறகும் நடுக்கம் திரும்பி வந்தால், அதுவும் முன்னைவிடக் குறைந்த வேகத்திலேயே வந்தால், மறுபடி பேலன்ஸ் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே நிறுத்தி, டயரின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே வீங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் எங்கே ஆடுகிறது என்று கேளுங்கள்.

போக வர நூற்றுப் பத்து கிலோமீட்டர் என்பார்கள். எனக்கு அன்று கூடுதலாக ஆயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் தூங்காதவள், அடையாறு பாலத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். விளக்கு வைக்கும் நேரம் தி.நகர் வீட்டு வாசல் வந்தது. நான் நிறுத்தவில்லை. நந்தனம் வரை போய், திரும்பி, மறுபடி நந்தனம் வரை போனேன்.