ஆறா, அஞ்சா?

முதல் பெரிய யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்கள் பட்டாளம் பயிற்சிக்காகக் கல்லலுக்கு மேற்கே ஒரு பொட்டலில் கூடாரம் அடித்திருந்தது. ரோடு போடுவது, பாறை உடைப்பது, கிணறு வெட்டுவதுதான் எங்களுக்கு வேலை. நான் அப்போதுதான் ஜமேதார் ஆகியிருந்தேன். எனக்கு மேலே இருந்த சுபேதாருக்கு என்னைவிட மூன்று வயசு குறைவு. அவரும் நம்ம சீமைக்காரர்தான், கண்டரமாணிக்கம். பாறைக்கு வெடி வைக்கிற வேட்டு வேலையை எனக்குப் பழக்கிவிட்டவரும் அவரே. சின்னவரிடம் பாடம் படிக்கிறோமே என்று எனக்கு உள்ளுக்குள் புகைச்சல். மறைப்பானேன்!

தண்ணீருக்காக வெட்டிய கிணற்றில் முப்பது அடியில் பாறை தட்டியது. அன்று காலை ஆறு குழி போட்டு வெடிமருந்து கெட்டித்தோம். தனித்தனியாக வெடித்தால்தான் ஆறும் வெடித்ததா என்று எண்ண முடியும். அதனால் திரிகளை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டிக் கொளுத்திவிட்டு நான் மேலே ஏறிவந்தேன். மேற்பார்வைக்கு வந்த வெள்ளைக்காரக் கேப்டனும் நின்றிருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அப்புறம் ஒரு பெரிய சத்தம். அது ஒன்றா, இரண்டு சேர்ந்து வெடித்ததா? எனக்குப் பிடிபடவில்லை.

"எத்தனை எண்ணுனீக ஜமேதார்?" என்றார் சுபேதார்.

கேப்டன் பார்க்கிறார். அந்தச் சின்னவரும் பார்க்கிறார். "ஆறு" என்று சொல்லித் தொலைத்தேன்.

புகை அடங்கியதும் நாலு சிப்பாய்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். அதில் ஒருவன் அமராவதிபுதூர்க்காரன். மகள் பிறந்திருக்கிறாள் என்று கடுதாசி வந்து, முந்தின வாரம்தான் எல்லோருக்கும் கருப்பட்டி கொடுத்தான். வெடிக்காத மருந்தின் மேல் அந்தக் கடப்பாரை ஒரு தரம் விழுந்தால் போதும். இப்போது வாயைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால்? கீழே 'ணங்' என்று முதல் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

"ஏறுங்கடா! எல்லாரும் மேல ஏறுங்கடா! எனக்குச் சந்தேகமா இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுபேதார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தானே கயிற்றைப் பிடித்து ஆட்களை இழுத்தார். எண்ணிக்கையில் இப்படிக் குளறுபடியா என்று கேப்டன் முகம் சிவந்து, சிப்பாய்கள் முன்னாலேயே சுபேதாரை இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். அவர் விறைப்பாக நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் யாரும் கிணற்றுப் பக்கம் போகக்கூடாது, அதுதான் முறை என்று மட்டும் சொன்னார்.

பிறகு கொளுத்தியவன்தான் இறங்கிப் பார்க்க வேண்டும். தனியாக இறங்கினேன். கடப்பாரை கிடையாது, வெறும் கை. ஒவ்வொரு கல்லாகப் புரட்டினேன். ஐந்து குழி பிளந்து, கரி படிந்து கிடந்தது. ஆறாவது குழியை ஒரு பெரிய கல் மூடியிருந்தது. அதை நகர்த்தும்போது எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று ஞாபகமில்லை. எல்லாச் சாமியையும்தான் கூப்பிட்டிருப்பேன்.

அதுவும் வெடித்திருந்தது.

உயிர் பிழைத்த சந்தோஷம் வரவேண்டாமா? வெட்கம்தான் வந்தது. மேலே வந்து, "ஆறும் வெடிச்சிருக்குய்யா. என்னால உங்களுக்குத்தான் ஏச்சு" என்று முனகினேன்.

"எனக்கும் ஆறுதான் கேட்டுச்சு" என்றார் சுபேதார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெறகு எதுக்கு ஆளுகளை ஏத்துனீக?"

"கொளுத்துனது நீங்க. உங்களுக்குச் சந்தேகம்னா என் காதுல கேட்டது செல்லாது. ஆனா அதை மொதல்லயே சொல்லியிருக்கணும். நாலு பேரை எறக்கிவிட்டுட்டுச் சொல்றீக பாருங்க, அதை என்னால மன்னிக்க முடியாது."

சொன்னதோடு விடவில்லை. ஒரு மாசம் என்னைத் திரியைத் தொடவே விடவில்லை. எனக்குக் கோபமும் வரவில்லை. அந்தச் சின்னவர் மேல் இருந்த புகைச்சல் அன்றைக்கே அணைந்துபோனது.

பின்னால் நானும் சுபேதாராகி எத்தனையோ பேருக்கு வேட்டு வேலை பழக்கினேன். "தெரியலய்யா" என்று வந்து நின்ற ஒருவரைக்கூட நான் ஏசியதில்லை. அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொல்லாத ஆபீசர் மருந்துக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்தால்தான், பென்ஷன் வாங்கி வீட்டில் உட்கார்ந்திருக்கிற இன்றைக்கும் எனக்குப் பயமாயிருக்கிறது.