போனுக்குச் சொன்ன காய்ச்சல்

மீன்சுருட்டியில் வீடுவீடாகப் போய் யாருக்காவது காய்ச்சலா என்று விசாரிப்பது என் வேலை. நான் குடியிருப்பதும் அங்கேதான். போன மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அதெல்லாம் யாருக்கும் இல்லீங்க." இருக்கிறது என்று சொன்னால், கொசுப்புழு இருக்குமென்று ட்ரம் தண்ணீரைக் கொட்டிவிடுவேன் என்று பயம்.

அந்தச் சமயத்தில்தான் அரியலூர் சுகாதார ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண், மீன்சுருட்டியில் டெங்கு பரவப்போகிறது என்றாள். ஜனங்கள் போனில் எதைத் தேடுகிறார்கள், எந்த ஊருக்குப் போய்வருகிறார்கள் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னாளாம். எங்கள் தெருச் சேற்றில் ஒருநாள் கால் வைத்தவளில்லை. அவள் சொன்னது பலிக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பலித்தது. மீட்டிங்கில் எல்லோரும் அவளுக்குக் கைதட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். தொட்டுப் பார்த்தேன், நெருப்பாகக் கொதித்தது.

"ஏங்க சொல்லல?"

"சொன்னா நம்ம ட்ரம்மையும் கவுத்துடுவ."

பக்கத்தில் கிடந்த அவர் போனை எடுத்தேன். டெங்கு வந்தால் என்ன செய்யும் என்று முந்தாநாளே தேடியிருக்கிறார். என் வீட்டுக் காய்ச்சலும் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் போயிருக்கிறது.