கதவு நம்பர் கேட்ட கிராணியார்

கிராணியார் நவரத்தினம் காலமான செய்தியை என் மனைவி கமலாதான் சந்தையிலிருந்து கொண்டுவந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள். காய்கறியை எடுத்து வைக்கவில்லை. நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க, நம்ம கிராணி ஐயா போயிட்டாராம். நேத்து சாயங்காலமாம்" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமை. அவர் இறந்த செய்தி வந்த காலையிலும் அது என்னைவிட்டுப் போகவில்லை.

ஐம்பதுகளின் நடுவில் நாங்கள் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பெரியவர்களுக்கு மனு. குழாய், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை எதுவானாலும் வட்டார அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிப்போட வேண்டும். எழுதிக் கொடுப்பதற்கு நான் காசு வாங்கியதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் வெற்றிலை, அவ்வளவுதான். எனக்கு வேண்டியிருந்தது வேறு. மாலை ஐந்து மணிக்கு என் வாசலில் நாலு பேர் காத்திருக்க வேண்டும். "சார் வந்துட்டாரு" என்று அவர்கள் எழுந்து நிற்க வேண்டும்.

என் மனு மூன்று பக்கம் வரும். முதல் பக்கத்தில் துரையின் பெருமை. இரண்டாம் பக்கத்தில் மனுதாரரின் துயரம். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெருமையையும் இந்தத் துயரத்தையும் சேர்த்து ஒரு முடிச்சு. எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினால், மனுதாரரே தம் கஷ்டத்தைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். பதில் வருமா என்றால், சில சமயம் வரும். வராவிட்டால் இன்னொரு மனு எழுதுவோம். அதுதான் வழக்கம் என்று நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள்.

ஜாலான் புசார் பக்கம் இருந்த அந்த அலுவலகத்தில் அப்போது ஒரு கம்பி வலை ஜன்னல் இருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் ஆங்கிலம், இந்தப் பக்கம் வெயில். அங்கேதான் நவரத்தினம் கிராணியாக, அதாவது எழுத்தராக, மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை, ஒரு பழைய சைக்கிள். வந்த சில மாதத்தில் வலையைக் கழற்றச் செய்தார். வராந்தாவில் இரண்டு பெஞ்சு போட்டார். மலாயில் பேச ஒருவரும் சீன மொழி பேச ஒருவரும் பக்கத்தில் இருந்தார்கள். தமிழுக்கு அவரே உட்கார்ந்தார்.

இதெல்லாம் என் காதுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் பூக்கட்டும் கோவிந்தம்மா இருந்தார். அவர் வீட்டுப் பின்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டதற்கு நான் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். நான் எழுதியவற்றிலேயே நல்லது என்று சொல்லலாம். அதை எடுத்துக்கொண்டு போனவர் ஒரு மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"என்ன கோவிந்தம்மா, படிச்சாரா?"

"எங்க சார் படிச்சாரு! ஒரு பக்கம் பார்த்தாரு, மடிச்சு வச்சுட்டாரு. 'அம்மா, உங்கட கவலை எனக்கு விளங்குது. கதவு நம்பர்தான் விளங்கேல்ல. அதைச் சொல்லுங்கோ'ன்னாரு. சொன்னேன். அவ்வளவுதான் லா, எழுதிக்கிட்டாரு."

அன்று இரவு அந்த மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். கோவிந்தம்மாவின் கணவர் இறந்த கதை இருந்தது. மழைக்காலத்தின் கொடுமை இருந்தது. கதவு நம்பர் இல்லை. மறுநாள் சாக்கடை சுத்தமாயிற்று. அதற்கு அடுத்த வாரம் என் வாசலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

ஆசிரியனாக இருந்தவன் என்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு கணக்கை நாம் கரும்பலகை நிறையப் போட்டுக்கொண்டிருப்போம். கடைசி வரிசையில் ஒருவன் விரல்விட்டு எண்ணி விடையைச் சொல்லிவிடுவான். விடை சரிதான். ஆனாலும் அவனைத் தட்டிக்கொடுக்க மனம் வராது. "வழி எங்கே?" என்று கேட்போம். நவரத்தினத்திடம் நான் கேட்க விரும்பியதும் அதுதான். ஆனால் அவரிடம் வழியும் இருந்தது. புகார் சொல்ல வருகிறவருக்கு ஒரு சீட்டு. மேல்பாதி அலுவலகத்துக்கு, கீழ்பாதி புகார் சொன்னவருக்கு. இரண்டிலும் பெயரும் எண்ணும் இருக்கும். வேலை முடிந்தது என்று வேலைக்காரர் வந்து சொன்னால் போதாது. புகார் சொன்னவர் மேல்பாதியில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் கணக்குத் தீரும். "தண்ணி வந்தது எண்டு நாங்கள் எழுதக்கூடாது. குடம் வச்சவ சொல்லோணும்" என்பாராம். அவர் சொன்னவற்றில் ஊரெல்லாம் திரும்பச் சொன்னது இதுதான். நான் மட்டும் சொன்னதில்லை.

அந்தச் சீட்டுதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் சந்தின் பின்பக்கம் பதினொரு வீட்டுக்கும் பொதுவாக ஒரு குழாய் உண்டு. ஒருநாள் அது நின்றுபோயிற்று. பெண்கள் அடுத்த தெருக் குழாய்க்குக் குடத்தோடு நடந்தார்கள். அங்கே அவர்களுடைய வரிசை முடிந்த பிறகுதான் இவர்களுக்கு இடம். கமலாவுக்கு அப்போதே இடுப்புவலி.

"கிராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன சார்?" என்று கோவிந்தம்மா கேட்டார்.

"நான் எழுதிட்டேன். பதில் வரும்" என்றேன்.

பதில் வரவில்லை. இரண்டாவது எழுதினேன். மூன்றாவது எழுதினேன். மூன்று வாரம் ஆயிற்று. யாரும் அந்த அலுவலகத்துக்குப் போகக்கூடாது, போனால் என் மனுவின் மதிப்புக் கெட்டுவிடும் என்று சந்து முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். என் மேலிருந்த மரியாதையில் பதினொரு வீடும் கேட்டுக்கொண்டது. இன்று நினைத்தால் கூசுகிறது. பதினொரு வீட்டுப் பெண்கள் சுமந்தது தண்ணீரை மட்டும் அல்ல, என் கௌரவத்தையும்தான்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது! பெண்கள் பித்தளைக் குடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். எனக்குக் கால் தரையில் படவில்லை. குழாயடியில் நின்று ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினேன். பொறுமை என்றால் என்ன, முறைப்படி எழுதினால் எப்படிப் பலன் கிடைக்கும் என்றெல்லாம் பேசினேன். மூன்றாவது மனுவிலிருந்து ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே சொன்னேன். கமலா குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோவிந்தம்மா மட்டும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஒரு சைக்கிள் மணி கேட்டது. நவரத்தினம். கைப்பிடியில் குடை தொங்கியது, சட்டைப்பையில் சீட்டு.

"இங்க ஆர் கமலா? தண்ணி வந்ததோ எண்டு கேட்டு ஒரு கையெழுத்து வேணும்."

 கமலா கதவருகே வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"தண்ணி வந்ததோ அம்மா?"

"வந்துச்சு ஐயா."

"வேகமா வருதோ, நூல் மாதிரியோ?"

"நல்லா வேகமாத்தான் வருது."

"அப்ப இதில போடுங்கோ."

அவர் தம் பேனாவைக் கொடுத்தார். அவள் குழாய் மேடையில் சீட்டை வைத்து மெல்ல எழுதினாள். பிறகுதான் அவர் என்னைக் கவனித்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஒரு நொடியில் புரிந்துகொண்டார்.

"மாஸ்டர்தானே? உங்கட கடிதங்களும் வந்தது. நல்ல இங்கிலீஷ். எங்கட பெரியவர் ரசிச்சுப் படிச்சவர்."

எல்லார் முன்னிலையிலும் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டார். அந்த மூன்று மனுவிலும் எந்தச் சந்து, எந்தக் குழாய் என்று நான் எழுதவில்லை. எங்கள் சந்தைத் தெரியாதவர்கள் உலகத்தில் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதை அவர் அங்கே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போனார். பெருந்தன்மையிலும் அவர் என்னை முந்திவிட்டார் என்று அன்று இரவெல்லாம் பொருமினேன். கமலாவிடம் நான்கு நாள் பேசவில்லை. அவளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அதன்பின் சில மாதம் கழித்து அவரே வீட்டுக்கு வந்தார். புகார்ச் சீட்டைத் தமிழிலும் அச்சடிக்கப் போகிறார்களாம். நான் எழுதித் தர வேண்டுமாம். நேரமில்லை என்றேன். மறுமாதமும் வந்தார். மூன்றாம் முறை வந்தபோது வெட்கப்பட்டு ஒப்புக்கொண்டேன். பத்தொன்பது கேள்விகள் எழுதினேன். அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். பெயர் என்ன, எந்த வீடு, என்ன பழுது, எப்போதிருந்து. நான்கு மிஞ்சின.

"நம்பரே இல்லாத வீட்டுக்காரன் என்ன எழுதுவான்? கம்பத்துக் குடிசைக்கு, அந்தக் கிராமத்து வீடுகளுக்கு, ஏது நம்பர்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "மெய்தான் மாஸ்டர். அப்ப என்ன கேப்பம்?"

"'பக்கத்தில் என்ன இருக்கிறது' என்று கேளுங்கள். மாவு மில், மாட்டுக்கொட்டகை, புளியமரம், ஏதாவது ஒன்று இருக்கும்."

ஐந்தாவது கேள்வியாக அது அச்சாயிற்று. என் பெயர் அதில் இல்லை, அவர் பெயரும் இல்லை. ஆனால் எல்லாரும் அதை 'கிராணி சீட்டு' என்றார்கள். அதற்கும் எனக்குப் பொறாமைதான்.

இறுதிச் சடங்குக்கு நானும் கமலாவும் போனோம். வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. மலாய்க்காரர்கள், சீனக் கிழவிகள், பால்காரர்கள், கோவிந்தம்மா. நான் ஓய்வுபெற்றபோது எனக்கு ஒரு மாலையும் ஒரு மேசைக் கடிகாரமும் கொடுத்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். இங்கே தெருமுனை வரை ஆட்கள். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். பாதியில் விட்டுவிட்டேன்.

இப்போது நாங்கள் குடியிருக்கும் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கேட்டே விட்டேன். "அவரு நம்ம சொந்தமா, பந்தமா? ஏன் அப்படி அழுதே?"

அவள் வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து, தாலிச்சரடு வைக்கும் பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். அதிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அரைச் சீட்டு. பழுது: பொதுக்குழாய். புகார் செய்தவர்: கமலா.

"இதுல என் பேரு இருக்கு" என்றாள்.

"உன் பேரு எதுலதான் இல்ல?"

"வேற எதுல இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்."

பாடம் நடத்தியவன் அல்லவா, உதாரணம் தேடினேன். வீட்டு வாடகைச் சீட்டில் என் பெயர். இந்த அடுக்குமாடி வீட்டு விண்ணப்பத்தில் நான், அடுத்து 'மனைவி'. என் மனுக்களிலோ, குழாய்க்கு எழுதிய அந்த மூன்றிலும்கூட, 'இடுப்புவலியால் வருந்தும் என் மனைவி' என்றுதான் எழுதியிருந்தேன்.

"அடையாள அட்டையில இருக்கே" என்றேன்.

"அது அவங்களா குடுத்தது. இது நான் போய்க் கேட்டு வந்தது" என்றாள். "நான் பாட்டுக்கு 'வாத்தியார் சம்சாரம்'னு சொன்னேன். அவரு பேனாவைக் கீழ வச்சுட்டு, 'அது சரி அம்மா, உங்கட பேர் என்ன'ன்னு கேட்டாரு."

காகிதத்தை வாங்கி மறுபடி டப்பாவில் வைத்தாள். இத்தனை ஆண்டுகள் நான் பொறாமைப்பட்டது கூட்டத்துக்காக, பெயருக்காக, பெருந்தன்மைக்காக. பொறாமைப்பட வேண்டிய இடம் அந்த டப்பாவுக்குள் இருந்திருக்கிறது. அவள் பெயரைக் கேட்கும் வேலை என்னுடையதாக இருந்தது. இன்னொருவர் செய்துவிட்டார்.

நவரத்தினத்திடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்விதான். கதவு நம்பருக்கும் முன்னால் அவர் கேட்ட கேள்வி.

சென்ற வாரம் எங்கள் மாடிப்படி விளக்கு எரியவில்லை. கமலா குடியிருப்புப் பேட்டை அலுவலகத்திலிருந்து புகார்த்தாள் ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தாள். ஐந்து கேள்விகள் இருந்தன. ஐந்தாவதைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளிப் பேனாவைக் கொடுத்தேன். அவள் எழுதினாள். மூன்றாவது வரியில் ஒரு பிழை இருந்தது. நான் திருத்தவில்லை.