இடது ஓரத்தில் ஒரு விரல்

எனக்கு நன்றி சொல்ல வராது, திட்டத்தான் வரும். மீன் விற்கிறவள் வாய் அப்படி. ஆனால் என் வீட்டுக்காரர் மரியசெல்வத்தைப் பற்றிப் பேசினால் நாலு பேருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும். முடிந்தவரை திட்டாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பட்டினப்பாக்கம். அப்பா, அண்ணன்மார் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கோ படகில் கால் வைத்தாலே குமட்டும். "இது கரைலயே கெடக்கட்டும்" என்று என் மாமனார் கைகழுவிவிட்டு, மாதாகோயில் பாண்டு செட்டில் கொண்டுபோய் விட்டார். அங்கே ஒரு டிராம்போன் சும்மா கிடந்ததாம். முன்னால் நீட்டியும் பின்னால் இழுத்தும் ஊதுகிற நீளமான பித்தளைக் குழல். கடைசி வரை நீட்ட அங்கே யாருக்கும் கை எட்டவில்லை, இவருக்கு எட்டியது. அவ்வளவுதான் தகுதி. வலை இழுக்க வேண்டிய கை, அன்றிலிருந்து அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது கருணாகரன் அண்ணன் நடத்துகிற பாண்டு செட்டில் ஊதுகிறார். தி.நகர் கல்யாண மண்டபம், வடபழனி மாப்பிள்ளை ஊர்வலம், கோயில் தேர் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள்.

கல்யாணமான புதிதில், ஒரு பைத்தியத்துக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டேன் என்றே நினைத்தேன். விடிந்ததும் வெந்நீர் குடித்துவிட்டு, குதிரை மாதிரி உதட்டைப் படபடவென்று அடிப்பார். அப்புறம் வாயில் வைக்கிற மவுத்பீஸை மட்டும் கழற்றி, அதில் தேனீ போல ரீங்காரம் போடுவார். அதற்குப் பிறகுதான் வாத்தியத்தை எடுப்பார். எடுத்தாலும் பாட்டு கிடையாது. ஒரே சத்தம், மூச்சு முடிகிற வரை. அதையே குழலை ஒவ்வொரு படியாக நீட்டி இறக்கிக்கொண்டே போவார். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் இதைச் செய்தால் ஊர் சும்மா இருக்குமா? கொடியில் கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் முகத்தில்தான் ஊதுவார்.

"ஒரு பாட்டாவது ஊதேன்யா" என்பேன்.

"மொதல்ல ஒதடு முழிச்சிக்கணும் ஏஞ்சலு. அது முழிக்காம பாட்டு வராது."

கீழ்வீட்டு சுப்பம்மா மட்டும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவள் எழுந்து குழாயடிக்குப் போவாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, வாயில் ஊற்றிய வெந்நீர் இடது பக்கமாக வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. "கொயந்தையா நீ?" என்று திட்ட வாயெடுத்தவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கண் மூடவே இல்லை.

முகவாதம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். "மறுபடி ஊதலாங்களா?" என்று இவர் கேட்டதற்கு மட்டும் "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டார். கடலும் வேண்டாமென்று தள்ளிவிட்ட மனுஷன், ஊதவும் முடியாவிட்டால் என்ன ஆவார்?

ஆஸ்பத்திரியிலேயே முகத்துக்குப் பயிற்சி சொல்லித்தர ஸ்ரீரஞ்சனி என்ற அம்மா வந்தார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, கன்னத்தை உப்பச் சொன்னார். உதட்டைக் குவித்து, அவசரமில்லாமல் மெதுவாக ஊதச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் இவர் பாதி வாயால் சிரித்தார்.

"இன்னா ஏஞ்சலு, நான் தெனம் காலைல பண்றதத்தான அந்தம்மா சொல்லுது?"

அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மவுத்பீஸை எடுத்தார். காற்றெல்லாம் இடது ஓரமாகப் புஸ்ஸென்று போயிற்று. திரும்பத் திரும்ப ஊதிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, ஓட்டை விழுந்த டியூபை அமுக்குவது மாதிரி அந்த ஓரத்தை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்தேன்.

"இப்ப ஊது."

தேனீ வரவில்லை. ஈ பறக்கிற அளவுக்கு ஏதோ வந்தது.

"மீன் நாத்தம் அடிக்கிது" என்றார்.

"வேணான்னா போறேன்."

"இரு, இரு."

அன்றிலிருந்து தினமும் என் விரல் அங்கேதான். மீன் ஏலத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் வஞ்சிரமெல்லாம் அடுத்தவள் கூடைக்குப் போய்விடும், எனக்குப் பொடிமீன் காரப்பொடிதான். அபிராமபுரத்து வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் எனக்காகக் காத்திருந்து வாங்கினார்கள். கருணாகரன் அண்ணன் வீட்டுக்கு வந்தவர், ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒன் எடத்துல யாரையும் போடல. ஊர்வலத்துல அந்த எடத்த வுட்டுட்டுத்தான் நடக்கறோம். சீக்கிரம் வந்து சேரு" என்று அதட்டிவிட்டுப் போனார். சுப்பம்மாவோ எழுப்ப ஆளில்லாமல் தண்ணீரைக் கோட்டைவிட்டுவிட்டு, "பொறுமையா ஊது நைனா, வந்துடும்" என்று மாடிப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். விரல் வைக்கிற கதையைக் குழாயடி முழுக்கப் பரப்பியவளும் அவளேதான்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் குழாயில் தண்ணீர் முன்னாலேயே வந்துவிட்டது. சுப்பம்மா கத்தினாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு, "ஒரு கொடம் புடிச்சிக்கினு வந்துடறேன், ஆரம்பிச்சிடாத" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

குடம் பாதி நிரம்பியிருக்கும். மேலேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நீளமாக, தடிப்பாக, புஸ் என்ற ஓசையே இல்லாமல். குழாயடியில் எல்லாரும் மாடிப்பக்கம் அண்ணாந்தார்கள். சுப்பம்மா என் கையைப் பார்த்தாள்.

"ஏஞ்சலு, நீ இங்க கீற. மேல யாரு வெரல் வெச்சிக்கினு கீறாங்க?"

சத்தம் ஒரு படி இறங்கியது. அப்புறம் இன்னொரு படி. என் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, சுப்பம்மாதான் குழாயை மூடினாள்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு மேலே ஓடினேன். கம்பளியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் மூடியிருந்தன. இரண்டுமே. மூச்சு முடிகிற வரை ஊதிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, வழக்கம்போல இடது கன்னத்தை என் பக்கம் திருப்பினார்.

"இனிமே எதுக்குய்யா? அதான் வருதே."

"வருது. நீ வெய்யி."

வைத்தேன். உதடு துடிப்பது விரலுக்கு நன்றாகத் தெரிந்தது. மாதாவுக்கு, சுப்பம்மாவுக்கு, அண்ணனுக்கு, அந்த ஸ்ரீரஞ்சனி அம்மாவுக்கு, இந்த மனுஷனுக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஏலத்துக்கு நேரமாவுது, சீக்கிரம் ஊதித் தொலை" என்றுதான் வந்தது.